பையாராய்ச்சி

நன்னூலார் எண்ணிக் கொடுத்த 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் ‘பை’ ஒன்று. இதற்கு அகராதிகள் பல பொருள் தரும். பாம்பின் படம் ஒன்று. பசுமை, இளமை இன்னொன்று. பைங்கிளியும் பைந்தமிழும் அந்த வழி வந்தவை. காய்கறிக் கடைக்குக் கொண்டுபோவது மூன்றாவது. தாம்பரம் தொடங்கிக் கிழக்கே கேம்ப் ரோடு வரைக்கும், தெற்கே வண்டலூர் தாண்டி மேலக்கோட்டையூர் வரைக்கும் உள்ள கல்லூரி விளையாட்டரங்குகளில் வழங்கும் நான்காவது பொருளை மட்டும் அகராதிக்காரர் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ‘எனக்குப் பை விழுந்திருக்குடா!’ என்று ஒரு மாணவன் அலறிக்கொண்டு ஓடிவந்தால், கீழே எதுவும் விழவில்லை என்றும், அவன் யாரையும் உதைக்காமலே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டான் என்றும் அறிக.

களம் ஏன் தாம்பரம்? சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்து மரக்கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. 1949-இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தொடங்கியது. பிறகு ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் கல்லூரிகள் புளியமரங்களுக்குப் போட்டியாக முளைத்தன. விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் இப்போது மேலக்கோட்டையூரில் இருக்கிறது. ஆனால் நான் படித்த காலத்தில் டேக்வாண்டோ ஆடுகிறவர்கள் கல்லூரிக்கு நாலைந்து பேர் தேறினாலே பி.டி. சார் மகிழ்ந்து டீ வாங்கிக் கொடுப்பார். கல்லூரி அதிகம், ஆள் குறைவு, எடைப்பிரிவோ பதினாறு. பை செழிக்க இதைவிட நல்ல மண் ஏது?

ஆட்டத்தின் பெயரிலேயே பாடபேதம் உண்டு. ஒரே போட்டிக்கு அடித்த நோட்டீஸில் ‘டேக்வாண்டோ’, வாசல் பேனரில் ‘டேக்குவாண்டோ’, சான்றிதழில் ‘தேக்வோண்டோ’, வாழ்த்துரை வழங்கியவர் வாயில் ‘கராத்தே’. கடைசிப் பாடமே மக்கள் வழக்கில் மிகுதி. கொரிய மொழியில் ‘தே’ கால், ‘குவான்’ கை முட்டி, ‘டோ’ வழி. 1955-இல் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் காட்சி ஆட்டமாக நின்று, 2000 சிட்னியில்தான் ஒலிம்பிக் பதக்கப் பந்திக்கு வந்தது.

ஆனால் பூர்வீகம் காஞ்சிபுரத்தில் போய் முடியாத தமிழாய்வை யார் அச்சிடுவார்கள்? 2011-இல் ‘ஏழாம் அறிவு’ படம் வந்ததிலிருந்து எங்கள் மாஸ்டர் போதிதர்மரிடமிருந்துதான் வகுப்பைத் தொடங்குவாராம், ஜூனியர்கள் சொன்னார்கள். காஞ்சியிலிருந்து வாலாஜாபாத், படப்பை, முடிச்சூர் வழியாகத் தாம்பரம் வரும் சாலை இன்றும் இருக்கிறது. ஆகவே போதிதர்மர் சீனாவுக்குப் போகிற வழியில் படப்பையில் ஒரு டீ குடித்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. இன்னொரு சான்று மொழியியல். ஆட்டத்தில் நடுவர் ‘சிஜாக்’ என்றால் தொடங்கு, ‘கல்யோ’ என்றால் விலகு, ‘குமான்’ என்றால் நிறுத்து. இவற்றில் ‘கல்யோ’ என்பது ‘கலையுங்கள்’ என்பதன் மரூஉ என்று விடுதி அறையில் ஒரு நண்பன் நிறுவினான். கொரியாவிலும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று ஆதாரமும் காட்டினான். மறுக்க எனக்குக் கொரிய மொழி தெரியாது. அவனுக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

எண்ணியல் சான்று இதைவிட வலுவானது. ஆடுகளம் எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர். ஒரு மீட்டர் மேட்டாக அடுக்கினால் 64. உலகப் போட்டிகளின் முறைப்படி ஆண்களுக்கு எட்டு, பெண்களுக்கு எட்டு எடைப்பிரிவு. ஒவ்வொன்றிலும் தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று, அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். பதினாறு நாலு 64. ஆய கலைகளும் 64. இதற்கு மேலும் விளக்கம் கேட்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

அந்த 64 மேட்டைப் பற்றி நடத்துகிறவன் பக்கத்திலிருந்து சில வார்த்தை சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு அரங்கத்தைக் கூட்டி, பேட்மிண்டன் வலையைச் சுருட்டி, பல் பல்லாக வெட்டிய மேட்டுகளை ஒன்றோடொன்று கோத்து மிதித்துக்கொண்டே போவோம். சிவப்பும் நீலமும் மாறிப் போனால் கழற்றி மறுபடி. விடியற்காலை இரண்டு மணிக்கு 63 மேட்டு இருக்கும். மிச்ச ஒன்றைக் காவலாளி அண்ணன் நாற்காலிக்கு அடியில் விரித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அவரை எழுப்புவது யார் என்பதில் நடக்கும் போட்டிதான் அந்த விழாவின் முதல் பவுட்.

அதே இரவில்தான் டை ஷீட் போடுவார்கள். அரைத்தூக்கத்தில், வந்திருக்கும் பெயர்களைச் சீட்டில் எழுதி, ஒரு மஞ்சப்பைக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பது வழக்கம். பையிலிருந்தே பை பிறக்கிறது என்ற தத்துவம் இதனால் விளங்கும். நடத்தும் கல்லூரியின் பையன்களுக்கே பை அடிக்கடி விழுகிறது என்று சிலர் குறை சொல்வதுண்டு. நான் புள்ளிவிவரம் எடுக்கவில்லை. குலுக்கியவன் என்ற முறையில் எடுக்கவும் மாட்டேன்.

இனிக் கணக்கு. நாக் அவுட் முறையில் ஆள் எண்ணிக்கை 2, 4, 8, 16 என்று இருந்தால்தான் ஜோடி சரியாக அமையும். குறைகிற இடத்தைப் பை நிரப்பும். மூன்று பேர் என்றால் ஒரு பை. பெற்றவன் நேரே இறுதிக்குப் போகிறான், கையைக் கூட ஓங்காமல் வெள்ளி உறுதி. நான்கு பேர் என்றால் பையே வேண்டாம். எல்லோரும் அரையிறுதியில் பிறந்தவர்கள், தோற்றாலும் வெண்கலம். ஒரே ஆள் வந்த பிரிவு அத்வைதம்; அதில் எதிரி என்பதே மாயை.

ஐந்து பேர் வரும் பிரிவுதான் கொடுமையானது. எட்டில் ஐந்து போக மூன்று பை. மூவர் உட்கார்ந்த இடத்திலேயே அரையிறுதி. மிச்ச இருவர் மோத வேண்டும். ஜெயித்தவனுக்கும் குறைந்தது வெண்கலம். ஆக ஐவரில் நால்வருக்குப் பதக்கம், ஒருவனுக்கு மட்டும் ஃபுட் டோக்கன். ஆட்டத்தின் விதிப்படி குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைக்கு 2, தலையில் உதைக்கு 3, சுழன்று உதைத்தால் உடம்புக்கு 4, தலைக்கு 5. பைக்குப் புள்ளி சுழியம். ஆனால் கழுத்தில் தொங்குவது பித்தளை நிறத்தில் பளபளக்கும்.

இந்த நுட்பம் தெரிந்த வீரன் பலத்தைப் பார்த்து எடைப்பிரிவைத் தேர்வதில்லை. ஆளில்லாத கடையாகத் தேடுகிறான். 54, 58, 63, 68, 74, 80, 87, அதற்கு மேல் என்று ஆண்கள் பட்டியல். உளவு சொல்ல ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு நண்பன் இருப்பான். ‘எய்ட்டி செவன் காலி மச்சி’ என்று தகவல் வந்தால் 78 கிலோ பையன் மூன்று நாள் பரோட்டா தின்று 80-ஐத் தாண்டுவான். கீழே காலி என்றால் சித்திரை வெயிலில் ஜெர்கின் போட்டுக்கொண்டு ஏர்போர்ஸ் சாலையில் ஓடுவான், தண்ணீர் குடிக்க மாட்டான், மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் துப்பிக்கொண்டே வருவான். எடை பார்க்க அன்றைக்கு நம்பகமான கருவி ரயில் நிலைய மெஷின்தான். காசு போட்டால் விளக்கெல்லாம் சுழன்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் கிலோ, மறுபக்கம் சோதிடம். 64 கிலோ காட்டிவிட்டு ‘நினைத்த காரியம் கைகூடும்’ என்று சொல்லும்.

வாக் ஓவர் என்பது பைக்குத் தங்கை முறை. எதிராளி வராவிட்டால் கிடைப்பது. இந்தச் சொல்லின் பிறப்பிடமும் தாம்பரமே எனலாம். தண்டவாளம் ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிளந்திருப்பதால், தவறான பக்கத்தில் இறங்கியவன் கிட் பையைச் சுமந்துகொண்டு நடை மேம்பாலத்தில் ஏறி இறங்கி வருவதற்குள் அவன் பெயரை மூன்று முறை கூப்பிட்டு முடித்திருப்பார்கள். அவன் பாலத்தில் நடந்தான். எதிராளிக்கு வாக் ஓவர்.

நடுவர்களைப் பற்றியும் சிறப்பு விருந்தினரைப் பற்றியும் முன்னோர் நிறைய எழுதிவிட்டார்கள். 2008 பெய்ஜிங்கில் கியூபாவின் ஆங்கெல் மாட்டோஸ் நடுவரின் முகத்தில் உதைத்து ஆயுள் தடை வாங்கினார். எங்கள் வட்டாரத்தில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. மாஸ்டர்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத்தான் உதைப்பார்கள்.

இந்த ஆய்வுக்கு என்னைத் தூண்டியது எது என்பதையும் சொல்லிவிடுவது ஆய்வு நெறி. மூன்றாம் ஆண்டில் எனக்கு எடை 66. 63-க்குள் மூன்றே பேர் பெயர் கொடுத்திருப்பதாக உளவு வந்தது. என்னோடு நான்கு, பதக்கம் வீட்டுக்கு வந்துவிட்டது. அறுபத்து மூவருக்குரிய எண்ணாயிற்றே என்று தவமாய்த் தவமிருந்து, மூன்று நாள் கஞ்சித் தண்ணீரில் ஓட்டி, எடை பார்க்கும்போது 62.9 காட்டினேன். இறங்கித் திரும்பினால் எனக்குப் பின்னால் கன்னம் ஒட்டிப்போய் ஒருவன் நிற்கிறான். 68-இலிருந்து இறங்கி வந்தவன். அவனுக்கும் அதே உளவு, அதே கணக்கு, அநேகமாக அதே கஞ்சி.

ஐந்து பேர். மஞ்சப்பை குலுங்கியது. அந்த வருஷம் குலுக்கியது நானில்லை. மூன்று பை, மூன்று பேருக்கு. மிச்சம் நானும் அவனும். அப்போதெல்லாம் மூன்று சுற்றுப் புள்ளிகளையும் மொத்தமாகக் கூட்டுவார்கள். மூன்றில் இரண்டு சுற்றை வென்றால் போதும் என்ற முறை 2022-இல்தான் வந்தது. காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்தரைக்கு மேட்டில் ஏறி, சுற்றுக்கு இரண்டு நிமிடமாக ஆறு நிமிடம் ஆடினேன். நிறைய ‘சிஜாக்’ கேட்டது. கடைசியில் நடுவர் கை உயர்த்திய பக்கம் நான் நிற்கவில்லை.

இருட்டிய பிறகு கிழக்குத் தாம்பரத்தில் வேளச்சேரி பஸ் ஏறினேன். பதக்கம் வாங்காதவன் படம் எடுத்துக்கொள்ள நிற்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. வண்டி கிளம்பும்போது ஓடிவந்து தொற்றினான் ஒருவன். எங்கள் பிரிவில்தான், பை விழுந்த மூவரில் ஒருவன். சட்டைக்கு மேலே வெண்கலம். கம்பியைப் பிடிக்க ஒரு கை, கிட் பைக்கு ஒரு கை. சேலையூர் திருப்பத்தில் தள்ளாடிப்போய் என் பக்கம் குனிந்தான்.

‘பாஸ், இந்தப் பையைக் கொஞ்சம் வச்சுக்கிறீங்களா?’

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மேடவாக்கம் வரைக்கும் என்னிடம்தான் இருந்தது.