தலைமாட்டு மெஷின்

குறட்டை பலமாகக் கேட்டால், ‘கொடுத்துவைத்த மனுஷன், என்னமாய்த் தூங்குகிறார்!’ என்று சர்டிபிகேட் தருவது நம் வழக்கம். மணிக்கு 30 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிற ஆளுக்கும் அதே சர்டிபிகேட்தான். 1980-இல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் அப்படிப்பட்ட ஒருவரின் மூக்கு வழியே விடாமல் காற்றடித்தார். அடைபட்ட தொண்டை திறந்துகொண்டது. அப்படிக் காற்றடிக்கிற சிபாப் மெஷின்தான் இப்போது என் தலைமாட்டில்.

அதன் மாஸ்க் பட்டை கன்னத்தில் பதித்த தடத்தோடு காலையில் பால் வாங்கப் போனால், “வீட்டில் ஏதாவது சண்டையா சார்?” என்கிறார் கடைக்காரர். குறட்டை நின்றதில் மனைவிக்குத் தூக்கம் போச்சு. நடுராத்திரியில் எழுந்து, ஆள் இருக்கிறேனா என்று தொட்டுப் பார்க்கிறாள்.

கரண்ட் போனால் இன்னும் விசேஷம். ஃபேன், ஹால் டிவி, வைஃபை எல்லாம் இன்வெர்ட்டர் லைனில். மெஷின் மட்டும் இல்லை. “அடுத்த வாரம் மாத்திரலாம் சார், அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்கிறார் எலக்ட்ரீஷியன்.