மேனேஜர் மாப்பிள்ளைக்கு ஒரு சேதி

வாங்க மாப்பிள்ளை! ஈப்போ கையுறைத் தொழிற்சாலையில மேனேஜர் ஆகிட்டீங்களாமே. ஆராய்ச்சிக்குக் காசு போடுறது தண்டச் செலவுன்னு மீட்டிங்குல வெளுத்து வாங்கினீங்களாம். தாத்தா மரம் சீவிப் படிக்க வச்ச வாயாச்சே, பேசட்டும்.

ஆனா அந்த ஆராய்ச்சி என்ன செஞ்சுதுன்னு கேளுங்க. 1877-ல கோலகங்சாருக்கு வந்தது ஒன்பதே ரப்பர் கன்னு. அதுல ஒண்ணு இன்னும் அங்க நிக்குது. ஆரம்பத்துல விதை போட்டு வளர்த்த மரமெல்லாம் ஹெக்டருக்கு வருஷம் 500 கிலோ கொடுத்தாலே துரைக்குச் சிரிப்பு வரும். 1925-ல ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வந்துச்சு. சுங்கை பூலோவுல சோதனைத் தோட்டம். செலவுக்கு ஏற்றுமதி ரப்பர் மேல வரி. அவங்க உருவாக்கின ஆர்.ஆர்.ஐ.எம். 600 ஒட்டுக்கன்னு மரமானதும் அதே ஹெக்டர் 1,500 கிலோவைத் தொட்டுச்சு. அதே உளி, அதே கை, அதே நிறை. பால் மங்கு மட்டும் வழிஞ்சுது, பால் வாளி சுமக்குற காண்டா தோளை அமுக்குச்சு. உங்க படிப்புல அதுக்குப் பேரு உற்பத்தித்திறன். எங்க லயத்துல அதுக்குப் பேரு தோள்வலி. கூலியும் மூணு மடங்கு ஆச்சான்னு கேக்காதீங்க. தோட்டத் தொழிலாளியோட மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்து விழுந்ததே 2001-லதான்.

சரி, அந்த 600 இப்ப எங்க அதிகமா நிக்குது? சயாம்ல, அதான் தாய்லாந்துல! நாம செம்பனைக்குத் தாவிட்டோம். இங்க கையுறை செய்யிற பாலு அங்கிருந்து லாரி ஏறி வருது.

“அப்ப நாமும் அடுத்தவன் ஆராய்ச்சியை ஓசியில எடுத்துக்கலாமே”ன்னு உங்க மூளை ஓடுறது தெரியுது. எடுத்துக்கலாம். ஆனா சயாம்காரன் சும்மா எடுக்கல. 1960-லயே மறுநடவு நிதி வச்சான், அவன் மண்ணுக்கு எது ஒத்துவரும்னு பார்க்க ஆளு வச்சான், அஞ்சு ஏக்கர்காரன் வரைக்கும் கன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஓசிச் சோத்துக்கும் இலை நம்மதுதான் போடணும் மாப்பிள்ளை.

கொரியாக்காரன் நாட்டு வருமானத்துல நூறு வெள்ளிக்கு ஏறக்குறைய அஞ்சு வெள்ளியை ஆராய்ச்சிக்குப் போடுறான். நாம ஒரு வெள்ளியைச் சுத்திச் சுத்தி வர்றோம். கொரியாவுல மேனேஜருங்களுக்கு உங்க அளவுக்கு விவரம் பத்தல போல.

அடுத்த மீட்டிங்குல, வாங்கப்போற மிஷின் விலைக்குப் பக்கத்துல, அதைப் பிரிச்சுப் பார்த்துத் திருத்தத் தெரிஞ்ச ரெண்டு பிள்ளைங்க சம்பளத்தையும் எழுதுங்க. மனசு வரலையா? ரிப்பேருக்கு வர்ற வெளிநாட்டுக்காரனோட விமானச் செலவையும் ஓட்டல் பில்லையும் இப்பவே தனியா எடுத்து வைங்க.