பயணச்சீட்டின் பகுபத உறுப்பிலக்கணம்

நூலின் எல்லையை முதலில் சொல்லிவிடுவது மரபு. வடக்கே ஆவடி டேங்க் ஃபேக்டரி, தெற்கே பூந்தமல்லி டிரங்க் ரோடு, கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே திருநின்றவூர். இந்த எல்லைக்குள் குடியிருந்து, திரிசூலம் போய் விமானம் ஏறுகிறவர்களுக்காக எழுந்தது இந்த இலக்கணம். கேட்போர் யாரென்றும் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்துக்கொண்டு அவசரத்துக்குக் கோவைக்குப் பறக்கும் முதலாளி. புனேயில் இருக்கும் மகளுக்கு முறுக்கு டின்னும் சாம்பார்ப் பொடியும் கட்டிக்கொண்டு கிளம்பும் ஆவடி அம்மா. முதல் வேலைக்கு ஐதராபாத் போகும் பூந்தமல்லிப் பையன். கம்பெனிக் கணக்கில் பறக்கிறவர்கள் படிக்க வேண்டியதில்லை. பணம் கட்டுவது அவர்கள் இல்லையே.

பவணந்தி முனிவர் நன்னூலின் பதவியலில் சொற்களைப் பகாப்பதம், பகுபதம் என்று பிரித்தார். உடைக்க முடியாதது முன்னது. உடைத்தால் உறுப்பு உறுப்பாக வருவது பின்னது. விமானச் சீட்டும் இந்த இரண்டில் அடங்கிவிடும்.

பகாப்பதச் சீட்டு வழக்கொழிந்துவிட்டது. 1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையான பிறகு உள்நாட்டு வானம் இந்தியன் ஏர்லைன்ஸ் வசம் வந்தது. 1955 ஜனவரியில் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்மப் பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. சீட்டுக்குள் அந்தச் சமதர்மம் இருக்கத்தான் செய்தது. விலை ஒன்று, சாப்பாடு, பெட்டி, இருக்கை, ஏறியதும் தட்டில் வரும் மிட்டாய், காதில் வைக்கப் பஞ்சு எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் அந்த விலையைக் கொடுக்கிற சக்தி சிலருக்குத்தான் இருந்தது. டேங்க் ஃபேக்டரித் தொழிலாளி விமானத்தைத் தலைக்குமேல் பார்த்ததோடு சரி.

பகுபதத்தின் கதை 2003இல் தொடங்குகிறது. கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் சாப்பாட்டைச் சீட்டிலிருந்து கழற்றித் தனியே விற்றது. ஒரு ரூபாய்க்குச் சீட்டும் விற்றது. 2013இல், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ இந்தக் கழற்றலுக்கு முறையாக அனுமதி கொடுத்தது. விரும்பிய இருக்கை, உணவு, ஏற்றிவிடும் பெட்டி, விளையாட்டுச் சாமான், இசைக்கருவி ஆகியவற்றுக்குத் தனித்தனியே காசு வாங்கலாம் என்று ஆயிற்று. வீணை வித்வான்கள் கவனிக்க.

இனி உறுப்புகள். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு.

பகுதி முதலில் நிற்பது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது இது மட்டும்தான். பகுதி தனியே நின்றால் கட்டளைப் பொருள் தரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். விமானப் பகுதியும் ‘வா’ என்றுதான் கூப்பிடுகிறது.

விகுதி கடைசியில் நின்று திணை, பால், எண், இடம் காட்டும். ஜிஎஸ்டி, யூடிஎஃப் எனப்படும் பயனர் மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் இவையெல்லாம் விகுதி. திணை காட்டுவதில் கறாரானவை. எகானமிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்; பிசினஸ் வகுப்புக்கு 2025 செப்டம்பரிலிருந்து 18. உயர்திணை கூடுதலாகக் கட்டட்டும், ஆட்சேபம் இல்லை.

இடைநிலை காலம் காட்டும். எதிர்காலத்தில் போகிறவருக்கு விலை குறைவு. நிகழ்காலத்தில், அதாவது இன்றைக்கே போக வேண்டியவருக்கு, விலை மூச்சு முட்டும். ஊரில் சாவு விழுந்து கிளம்புகிறவர்கள் எல்லாரும் நிகழ்காலத்தவர்கள். இந்த உறுப்பு எவ்வளவு வீங்கும் என்பதை 2025 டிசம்பரில் பார்த்தோம். இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாக, மிச்சமிருந்த சீட்டுகளின் விலை எகிற, 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று அரசே உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. வரம்புக்குள் நின்றாலும் அப்போது கோவைக்கு 7,500 கேட்கலாம் என்று அதற்குப் பொருள்.

சந்தி என்பது இரண்டை ஒட்டவைப்பது. சீட்டில் இது, சேர்ந்து உட்காரக் கட்டும் காசு. ஒரே பிஎன்ஆர், ஒரே குடும்பம். கட்டாவிட்டால் புருஷன் ஒன்பதாம் வரிசை, பெண்டாட்டி இருபத்து மூன்றாம் வரிசை, நடுவில் எங்கேயோ பிள்ளை. முன்பு இது காசில்லாத இயல்பு புணர்ச்சி. 2018 நவம்பரில், வெப் செக்-இன் செய்தால் எந்த இருக்கைக்கும் கட்டணம் உண்டு என்று இண்டிகோ அறிவித்தது. கூச்சல் எழுந்ததும், பரிசீலிக்கிறோம் என்றது அமைச்சகம். 2024 ஏப்ரலில் டிஜிசிஏ ஒரு நல்ல காரியம் செய்தது. 12 வயது வரையிலான குழந்தைக்கு, ஒரே பிஎன்ஆரில் வரும் பெற்றோரில் ஒருவராவது பக்கத்தில் இருக்கும்படி இடம் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. ‘ஒருவராவது’ என்பதைக் கவனிக்க. மற்றவர் வால் பக்கம் உட்கார்ந்து வரலாம்.

இருக்கைக் கட்டணத்தின் விளைவைக் கதவு சாத்துவதற்கு முன் தினமும் பார்க்கலாம். “சார், நீங்க அந்த சீட்டுக்குப் போனீங்கன்னா நாங்க ஒண்ணா உக்காந்துப்போம்.” “இல்லம்மா, நான் இந்த சீட்டுக்குத் தனியா காசு கட்டியிருக்கேன்.” இதற்குமேல் பேச்சு ஓடாது. அவர் சொல்வதும் நியாயம்தான். ரயிலில் லோயர் பெர்த் விட்டுக்கொடுக்கிற அதே மனிதராகவும் இருப்பார். விட்டுக்கொடுப்பதற்கும் விலை போட்டுவிட்ட பிறகு அவரைக் குறைசொல்லி என்ன பயன்?

சாரியை எந்தப் பொருளும் இல்லாமல் இடையில் வந்து நிற்கும். இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு கன்வீனியன்ஸ் ஃபீ. போன் நம்முடையது, டேட்டா நம்முடையது, பெயரும் வயதும் அடித்தது நாம், ஓடிபி தட்டியதும் நம் விரல். வேலை முழுக்க நாம் செய்துவிட்டு, செய்யவிட்டதற்காகத் தலைக்கு இவ்வளவு என்று கட்டுகிறோம். வசதி யாருக்கு என்று எந்த உரையாசிரியரும் விளக்கவில்லை. இன்னொரு சாரியை 2022 ஜூலையில் பெயர் வாங்கியது. யாரோ ஒரு பயணி தன் சீட்டில் ‘க்யூட் சார்ஜ்’ என்றொரு வரி இருப்பதைப் படம் பிடித்துப் போட, அழகுக்குமா காசு என்று நாடே சிரித்தது. விசாரித்தால், விமான நிலையக் கவுன்டர்களில் எல்லா நிறுவனங்களும் பொதுவாகப் பயன்படுத்தும் கணினிச் சாதனங்களுக்கான செலவாம் அது. பேருந்தில் டிக்கெட் கிழிக்கும் மெஷினுக்குக் கண்டக்டர் நம்மிடம் வாடகை கேட்டால் பூந்தமல்லி டிப்போ தாங்குமா?

விகாரம் மூன்று வகை: தோன்றல், திரிதல், கெடுதல். இண்டிகோவின் எரிபொருள் கட்டணம் 2023 அக்டோபரில் தோன்றியது, தூரத்துக்கேற்ப 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரை; 2024 ஜனவரியில் கெட்டது. கவுன்டரில் போர்டிங் பாஸ் வாங்கினால் 100 ரூபாய் என்பது 2020 அக்டோபரில் தோன்றியது. 2022 ஜூலையில் அமைச்சகம் தலையிட்டுக் கெடுத்தது. திரிதலுக்கு ஏர் இந்தியா சான்று. மலிவுச் சீட்டுக்கு 20 கிலோ இலவசம் என்றிருந்தது, 2024 மே மாதம் 15 ஆகத் திரிந்தது. இண்டிகோவில் ஏற்கெனவே 15தான், கையில் 7.

செய்யுள் விகாரம் என்று வேறொன்று உண்டு; அது பணத்தைப் பற்றியதில்லை, உடம்பையும் பெட்டியையும் பற்றியது. குறுக்கல்: ஏர்பஸ் ஏ320 விமானத்தின் நீளம் அன்றும் இன்றும் 37.57 மீட்டர். இரண்டு வகுப்பாக அமைத்தால் சுமார் 150 பேர் என்பது தயாரித்தவர்களே சொல்லும் கணக்கு. இண்டிகோ அதே உடம்புக்குள் 180, 186 என்று இருக்கை போடுகிறது. கூடுதலாக வந்தவர்கள் நம் முட்டிக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் இருந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மெலித்தல் மெத்தையில். வலித்தல் இடுப்பில், டெல்லி விமானம் என்றால் நாக்பூர் தாண்டும்போது. நீட்டல் வேண்டுவோர் கால் நீட்டும் வரிசைக்குக் காசு கட்டலாம்.

விரித்தலும் தொகுத்தலும் கவுன்டர் எதிரே நடக்கும். வீட்டு எடைக்கருவியில் பதினைந்தே கிலோ காட்டிய பெட்டி, இங்கே பதினேழு காட்டும். ஆவடி அம்மா தரையில் உட்கார்ந்து ஜிப்பைத் திறப்பார். சாம்பார்ப் பொடிப் பொட்டலம், மேலே சுற்றிய பழைய துண்டு, அதற்கடியில் மகள் கேட்ட இட்லித் தட்டு. தட்டு தோள்பைக்கு மாறும். சேலை ஒன்று மாறும். முறுக்கு டின்னைக் கையில் பிடித்துக்கொள்வார். “ஏம்ப்பா, டின்னையும் நிறுப்பீங்களா?” கவுன்டரில் நிற்கும் பையன் நல்லவனாக இருந்தால் வேறு பக்கம் பார்ப்பான். சாம்பார்ப் பொடி அரைத்த செலவைவிட அதை ஏற்றும் செலவு அதிகம் என்று தெரிந்தும் யாரும் அதை மட்டும் விட்டுவிட்டுப் போவதில்லை.

உணவு உறுப்பில் சேராது, அது அடைமொழி. கப்பில் இருக்கும் உலர் உப்புமாவில் வெந்நீர் ஊற்றித் தருவார்கள். அது ஊறும்வரை காத்திருக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தில் டீ 135 ரூபாய் என்றதும் வேண்டாமென்று வந்துவிட்டதாக ப. சிதம்பரமே 2018இல் எழுதினார். முன்னாள் நிதியமைச்சருக்கே கட்டுப்படியாகாத டீ, 2025 பிப்ரவரியில் அங்கே திறந்த உடான் யாத்ரி கஃபேயில் 10 ரூபாய்க்கு வந்தது. போகிறவர்கள் தேடிப் பிடித்துக் குடியுங்கள்.

ஆக, ஆவடி அம்மாவின் புனே சீட்டைத் தேர்வுத்தாள் முறைப்படி பிரித்தால்: பகுதி + சந்தி + இடைநிலை + சாரியை + சாரியை + விகுதி. சாரியை இரட்டித்தது.

பகுபதமே தப்பு என்பது இந்நூலின் கட்சி அல்ல. சீட்டு உடைந்ததால்தான் அம்மாவால் அதை வாங்க முடிந்தது. சாப்பாடு வேண்டாதவர் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்காமல் இருப்பது நியாயமே. வேண்டாமென்று சொல்ல முடிகிற உறுப்பு எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். சாரியையை வேண்டாமென்று சொல்ல வழியில்லை, அதுதான் வழக்கு. பகுதியை மட்டும் காட்டி முழுச்சொல் என்று விற்பது இரண்டாவது வழக்கு. முதல் திரையிலேயே முழுத் தொகையும் வந்துவிட்டால் இந்த இலக்கணத்தில் பாதியை அடித்துவிடலாம்.

ஒரு புறனடை மட்டும் பாக்கி. பயணத்தை ரத்து செய்தாலும், விமானத்தைத் தவறவிட்டாலும், பகுதி போகும், விகுதி போகாது. வரிகளையும் யூடிஎஃப் போன்ற விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும், அதற்கென்று தனிக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது 2016இலிருந்து டிஜிசிஏ விதி. ரீஃபண்ட் இல்லாத மலிவுச் சீட்டுக்கும் இது பொருந்தும். தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். கேட்டு வாங்குங்கள்.