தொப்பிக்காரர் காவல்

மலேசியாவில், லுக்குட் பக்கம் ஒரு முடிதிருத்தும் கடை. கண்ணாடிக்கு மேலே எம்.ஜி.ஆர்.: வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சந்தன மாலை, இரவு பகலாக எரியும் சிவப்பு பல்பு. மிகப் பொருத்தமான ஏற்பாடு. கடைசிவரை தொப்பியைக் கழற்றாதவரை விட்டால் முடிவெட்டும் தொழிலுக்கு வேறு யார் காவல் நிற்க முடியும்?

படத்தின் சக்தியைச் சந்தேகிப்பவர்கள் சரித்திரம் படிக்கட்டும். 1967இல் குண்டடி பட்டு, கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் கிடந்தார்; சுவரொட்டி ஊர் ஊராகப் போய் ஓட்டு வாங்கி வந்தது. 1984இல் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 1987இல் மறைந்ததெல்லாம் ஒரு சின்ன இடையூறு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து லயங்கள் காலியாயின. அந்தப் படம் தொங்கும் ஆணியை மட்டும் அசைக்க ஆளில்லை.

ஆகவே எல்லாத் தொகுதிகளிலும் படங்களையே நிறுத்தலாம். அலவன்ஸ் கேட்காது, வாக்குறுதி தராது. கட்சித் தாவலைத் தடுக்க மலேசியா 2022இல் அரசியலமைப்பையே திருத்தியது. ஓர் ஆணி போதுமே!

கடையைத் தொடங்கிய தாத்தாவின் படம் எங்கே என்று கேட்டேன்.

"உள்ள எங்கியாவது இருக்கும்ணே. சுவத்துல இடமில்ல."

தாத்தாவும் ஒரு தொப்பி போட்டிருக்கலாம்.