கண்டவியல்: ஒரு சூத்திரமும் உரையும்

‘கண்டபடி வெட்டியது கண்டம்.’

என்பது சூத்திரம். இயற்றியவர் பெயர் தெரியவில்லை. உரைகாரனே இயற்றிவிட்டான் என்பாரும் உளர். கண்டம் என்றால் துண்டம். எனவே வெட்டியவன் ஒருவன் உண்டு என்பது சொல்லிலேயே பெறப்படும். நம் புராணக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏழு தீவுகள், அவற்றைச் சூழ உப்புநீர், கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என ஏழு கடல்கள். நெய் முடிந்து தயிர் வந்தால் எல்லை தாண்டியாயிற்று. வழக்குக்கே இடமில்லை.

இக்காலத்து எல்லைகளோ கடல், கால்வாய், கற்பனை, கால்பந்து என நால்வகைப்படும். நான்கும் ககர வருக்கமாய் அமைந்தது மாணாக்கர் செய்த புண்ணியம்.

கடல் எல்லை வெளிப்படை. பாஸ்போரஸ் நீரிணை குறுகலான இடத்தில் சுமார் 700 மீட்டர்தான். அது இரண்டு கண்டங்களைப் பிரிக்கும். டோவர் நீரிணை 33 கிலோமீட்டர். அது பிரிட்டனை ஐரோப்பாவிலிருந்து பிரிக்காது. ஏன் என்று கேட்கும் மாணாக்கனை வெளியே நிற்கவைக்க.

கால்வாய் எல்லைக்கு சூயஸ் (1869), பனாமா (1914) எடுத்துக்காட்டு. ‘வெட்டியது’ என்ற சொல்லுக்கு இங்கே மண்வெட்டியே சாட்சி.

இனிக் கற்பனை எல்லை. நூலின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கக் கிரேக்கர்கள் இன்று ஜார்ஜியாவில் ஓடும் ரியோனி ஆற்றைச் சொன்னார்கள். பிறகு டான் ஆறு என்றார்கள். நிலம் ஒன்றாயிருக்க அதற்கு மூன்று பெண்களின் பெயர் எதற்கு என்று ஹெரடோட்டஸ் அப்போதே சலித்துக்கொண்டார். பொல்டாவா போருக்குப் பின் ரஷ்யரிடம் சிறைப்பட்டு, சைபீரியாவில் பல ஆண்டுகள் கழித்த ஸ்ட்ராலன்பெர்க் என்னும் சுவீடன் அதிகாரி, 1730இல் வெளியிட்ட நூலில் யூரல் மலையை எல்லையாக்கினார். அந்த யோசனையே என்னுடையது என்றார் ரஷ்யரான ததீஷ்செவ். கைதியா, காவல் நாட்டவரா என்ற பூசலுக்கிடையில் ஐரோப்பா கிழக்கே ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

யூரலின் மிக உயர்ந்த சிகரம் 1895 மீட்டர். அதற்கு அப்பால் தனிக் கண்டம். எவரெஸ்ட் 8849 மீட்டர். அதற்கு இப்பால் நாம் வெறும் துணைக்கண்டம். உரைகாரனுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. காகசஸ் பக்கம் கோட்டை மலைமுகட்டில் இழுத்தால் 5642 மீட்டர் எல்புரூஸ் ஐரோப்பாவின் உச்சி. சற்று வடக்கே, கூமா-மானிச் பள்ளத்தில் இழுத்தால் பட்டம் மோன் பிளாங்குக்குப் போய்விடும். மலை ஏறியவர்கள் இறங்கி வந்து பென்சிலைப் பார்க்க வேண்டியதுதான்.

கால்பந்துக் கூட்டமைப்புகள் இழுக்கும் கால்பந்து எல்லையில் இஸ்ரேல் 1994இலும் கஜகஸ்தான் 2002இலும் ஐரோப்பாவாயின. ஆஸ்திரேலியா 2006இல் ஆசியாவுக்கு வந்தது. அதன் நிலமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது; பந்து உதைப்பவர்கள் சற்று முந்திக்கொண்டார்கள், அவ்வளவே.