வெற்றுத்தாளுக்கும் ஓர் எண்: பேட்ஸ் முத்திரையியல், ஒரு முதனிலை ஆய்வு

அமெரிக்க வழக்குகளில் எதிர்த்தரப்பு கேட்ட ஆவணங்களை ஒப்படைக்குமுன் பக்கந்தோறும் மூலையில் ஒரு தொடர் எண் இடுவார்கள். பேட்ஸ் எண் என்பது அதன் பெயர். பக்கத்தின் கடைக்கோடியில் கிடக்கும் இவ்வெண்ணை ஆய்வின் நடுநாயகமாக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலவர் எட்வின் பேட்ஸ். 1890களின் தொடக்கத்தில் அவர் காப்புரிமை பெற்ற கைக்கருவியில் இலக்கம் பொறித்த உலோகச் சக்கரங்கள் வரிசையாக நிற்கும். தலையில் ஒரு தட்டு, எண் விழும். கை மேலெழுவதற்குள் சக்கரம் அடுத்த எண்ணுக்கு நகர்ந்திருக்கும். இன்று இதே வேலையை அக்ரோபாட் மென்பொருள் சத்தமில்லாமல் செய்கிறது. சத்தம் போனதில் துறையின் கம்பீரம் பாதி போயிற்று என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

பேட்ஸ் எண்ணின் தலையாய பண்பு சமதர்மம். கம்பெனியையே கவிழ்க்கவல்ல இயக்குநரின் கடிதத்துக்கும் ஓர் எண், அதன் பின்னால் ஸ்கேனருக்குள் ஒட்டிக்கொண்டு போன வெற்றுத்தாளுக்கும் ஓர் எண். ஆனால் இச்சமதர்மத்திலும் ஓட்டை உண்டு. ஆயிரக்கணக்கான வரிசை கொண்ட எக்செல் கோப்பை அச்சிடாமல் கோப்பாகவே தருவார்கள். அதன் சார்பில் 'மூலவடிவில் தரப்பட்டுள்ளது' என்ற ஒற்றைத்தாள் முன்வந்து ஒரே ஓர் எண்ணை வாங்கிக்கொள்ளும். ஆக, எக்செலும் வெற்றுத்தாளும் ஒரு நிறை!

விழுந்த எண்ணைவிட விழாத எண்ணுக்கே மதிப்பு அதிகம். 000417க்கு அடுத்து 000419 வந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தூக்கம் போச்சு. காணாமற்போனது கேன்டீன் மெனுவாக இருக்கலாம் என்றால் அவர் கேட்பாரா? எண் விடுபடாத வரிசையில், பிறகு அகப்படும் பக்கத்தை 000417.001 என்று செருகுவோரும் உண்டு, நம்மூரில் புதிதாக முளைத்த வீட்டுக்கு 12/1ஏ என்று கதவு எண் கொடுப்பதுபோல.

இத்தனைக்கும் 1938 முதல் நடப்பிலிருக்கும் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில், ஆவணம் தருவதைப் பற்றிய 34ஆம் விதி பேட்ஸ் எண்ணைக் கேட்பதே இல்லை. வழக்கமாக வைத்திருந்தபடி கொடு, அல்லது கேட்ட இனங்களுக்கேற்ப ஒழுங்குபடுத்திக் கொடு என்பதோடு சரி.

பயன் என்ன என்பார் புகையிலை வழக்குகளைக் காண்க. அமெரிக்க மாநிலங்கள் சிகரெட் கம்பெனிகளோடு 1998இல் செய்த உடன்படிக்கைகளின் வழியே கம்பெனிகளின் உள்ளாவணங்கள் லட்சக்கணக்கில் பொதுவெளிக்கு வந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. பொது சுகாதார ஆய்வாளர்கள் அவற்றைச் சுட்டுகையில் பேட்ஸ் எண்ணையும் எழுதுகிறார்கள். வக்கீல்கள் கட்டணம் வாங்கிப் போய்விட்டார்கள். எண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

எஞ்சியது முன்பூஜ்யப் பிரச்சினை. எண்ணை எழுத்தாகப் படிக்கும் கணினி 10ஐக் கொண்டுபோய் 2க்கு முன்னால் நிறுத்தும். ஆகவே வாசகர்களே, முதல் பக்கத்தில் பூஜ்யங்களைத் தாராளமாகப் போடுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.