லோயர் பெர்த் வயசு

டிக்கெட் போட்டுக் கொடுத்தது அண்ணன் மகள். எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு, நெல்லை எக்ஸ்பிரஸில். போட்ட கையோடு போன் செய்தாள். "அத்தை, கேக்காமலேயே லோயர் பெர்த் வந்திருக்கு! உங்க வயசைப் போட்டேன், அதுவே குடுத்திருச்சு." ஏதோ பரீட்சையில் நான் பாஸாகிவிட்ட மாதிரி அவள் குரலில் அப்படியொரு பூரிப்பு.

எனக்கு வயது 46.

விசாரித்துப் பார்த்தேன். ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 என்று வைத்து, அந்த வயதை எட்டியவர்களுக்குக் கீழ்ப் படுக்கைகளைத் தனியாக ஒதுக்குகிறது ரயில்வே. கர்ப்பிணிகளுக்கும் அதே ஒதுக்கீடுதான் என்பதை என் ஆறுதலுக்காகச் சேர்த்துக்கொள்கிறேன். 58 வயதுப் பெண்களுக்கு இருந்த பாதிக் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுபோய்விட்டது. காசு மிச்சமாகிற முதுமையை எடுத்துவிட்டார்கள். கால் நீட்டிப் படுக்கிற முதுமை மட்டும் எனக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கிறது.

இதற்கு ரயில்வேயைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பாட்டியல் இலக்கணம் எழுதிய புலவர்கள் இன்னும் கறாரான ஆட்கள். பேதையில் தொடங்கிப் பெண்ணுக்கு ஏழு பருவம் வகுத்து, பேரிளம்பெண் என்று நாற்பதில் கொண்டுவந்து முடித்தார்கள். அதற்குமேல் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் கடந்த ஆறு வருஷமாகத் தமிழில் பெயரில்லாத ஒரு பருவத்தில் இருக்கிறேன். ஆண்களை நினைத்தால் இன்னும் பாவம். முப்பது தாண்டினாலே 'முதுமகன்' என்று எழுதிவைத்த பாட்டியலும் உண்டு. தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு ஜிம்முக்குப் போகும் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, ரயிலுக்கு வருகிறேன்.

எதிரே ஒரு கல்லூரிப் பெண். நல்ல பெண், அதுதான் சங்கடமே. திமிராகப் பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் அன்பாகப் பேசினாள். டீக்காரர் வந்தார். என் கண்ணாடி பையின் அடியில் எங்கோ கிடந்தது. போனை நெஞ்சுக்கு நேரே தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அவர் நீட்டிய க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்யத் தடுமாறினேன். அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி... இதை... இப்படி... நேரா காட்டணும். இப்ப... பச்சைக் கலர்ல வருதா? அதை... அமுக்குங்க." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு ஸ்டேஷன் தூரம் இடைவெளி விட்டாள். குரலையும் இரண்டு படி ஏற்றியிருந்தாள்.

பன்னிரண்டு வருஷமாகப் பணம் அனுப்பும் செயலிகளில் பிழை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பணம் போய்விட்டது. "சூப்பர் ஆன்ட்டி!" என்று கை தட்டினாள். டீக்காரரும் சிரித்தார்.

அப்புறம் பேச்சு வளர்ந்தது. "ஆன்ட்டி, உங்க காலத்துல லவ்வெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டாள், கீழடிக் குழி ஓரத்தில் நின்று கேட்பதுபோல. அலைபாயுதே வந்தபோது எனக்கு 21 வயது என்றேன். "ஐயோ, எங்க அப்பாவோட ஃபேவரிட் படம்!" என்றாள். அந்த அப்பாவுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு என்பது விழுப்புரம் வருவதற்குள் தெரிந்துவிட வேண்டுமா?

போனில் ஒரு வீடியோ காட்டினாள். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் காய்கறிக்காரரைக் கண்டபடி திட்டுகிறார். "சோ க்யூட், இல்ல ஆன்ட்டி?" எனக்கு அந்தப் பாட்டி க்யூட்டாகத் தெரியவில்லை. உண்மையான கோபத்தில் இருந்தார். தராசில் ஏதோ தில்லுமுல்லு. ஆனால் எண்பதில் ஆடினாலும் க்யூட், அழுதாலும் க்யூட், நியாயம் கேட்டாலும் க்யூட். கோபம் கோபமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிற வயது என்றைக்கு முடிகிறதோ தெரியவில்லை. நாங்கள் பெரியவர்களைக் கண்டு பயந்தோம், முடிந்தால் ஏமாற்றினோம். அதில்கூட ஒரு மரியாதை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ரொம்பவும் நியாயம் பேசுகிறேன். 1999-இல் எங்கள் ஹாஸ்டல் வார்டனை நாங்கள் 'கிழவி' என்றுதான் சொல்வோம். "கிழவி வருது, லைட்டை அணை." அவருக்கு அப்போது என்ன வயது இருக்கும் என்று ரயிலில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 43. அவர் க்யூஆர் அட்டையிடம் தோற்காத 43.

முதுமையை விண்ணப்பம் போட்டு வாங்கியவர் தமிழில் ஔவை ஒருவர்தான். கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் கேட்டு வாங்கினார் என்பது கதை. நம் மனசில் ஔவை என்றால் கே.பி. சுந்தராம்பாள்தான். அவர் 1908-இல் பிறந்தவர், ஔவையாக நடித்த படம் வந்தது 1953-இல். அந்தக் கோலையும் நரையையும் விபூதியையும் சுமந்தபோது நாற்பத்தைந்தைத் தொட்டும் தொடாத வயது அவருக்கு. லோயர் பெர்த்துக்கே தகுதி சந்தேகம்.

இந்தச் சிந்தனையில் இருந்தபோதுதான், செங்கல்பட்டில் ஏறி வேறு யார் இடத்திலோ உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர், விழுப்புரம் தாண்டித் தன் இடத்தைத் தேடிக்கொண்டு வந்தார். எழுபது இருக்கும். கையில் இரண்டு பை, தட்கலில் கிடைத்த டிக்கெட். எனக்கு நேர் மேலே, அப்பர் பெர்த்.

எனக்குள் ஏதோ பொங்கியது. நான் கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். அவர் பக்கம் நன்றாகக் குனிந்தேன். "அம்மா... உங்களால... மேல... ஏற... முடியுமா?"

என் வாயிலிருந்து வந்த சத்தத்தில் பக்கத்துத் தடுப்பில் ஒரு குழந்தை முழித்துக்கொண்டது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குக் கத்துத? காது நல்லாத்தான் கேக்கு. முட்டிதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு. நீ எந்திரி."

எழுந்தேன். ஏணியில் முதல் படியில் கால் வைத்ததும் என் முட்டி 'டக்'கென்றது. கீழே இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பாத்து... மெதுவா... ஏறுங்க ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா, கம்பியப் பிடிச்சுக்க" என்றார் அந்த அம்மாள்.